உள்ளே இருந்தவனுக்கு ஒரு வேலை

அன்று காலை கிடங்கு அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியபோது முதலில் இறங்கியது அவருடைய முகச்சுளிப்பு. அடுத்து வயிறு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மனிதர்.

வளாகம் வழக்கம்போலத்தான் இருந்தது. முள்கம்பி வேலிக்குள் பெரிய வெட்டவெளி, அதில் வரிசையாக மூன்று மேடுகள். இடுப்பளவு இரும்புச் சுவர்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் கோதுமையைக் கூரைபோலக் குவித்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்தால் அதுதான் மேடு. விளைச்சல் அமோகமான வருஷங்களில் கட்டடங்கள் நிரம்பி வழியும். மிச்சத்தை இப்படித்தான் வெளியே படுக்கவைப்பார்கள். உள்ளே மருந்து வில்லைகளைப் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் புழு பூச்சி ஒழியும், தானியம் மாதக்கணக்கில் தூங்கும். ஒவ்வொரு மேடும் ஒரு தெரு நீளம். ரயில் வந்து மோதினால் ரயிலுக்குத்தான் அடிபடும்.

அதிகாரிக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் சீச்சி. பிறந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து மருத்துவச்சி முதுகில் தட்டியபோது, அது அழாமல் அவளை மேலும் கீழும் பார்த்து "சீச்சீ" என்றதாம். வளாகத்தில் அப்படித்தான் பேச்சு. அவரோடு அரைமணி நேரம் இருந்த எவரும் அதைச் சந்தேகித்ததில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு "இது டீயா?" என்பார், டீ வெட்கப்பட்டு ஆறிவிடும். சூரியன் உதித்தால் "இதுக்கு வேற வேலை இல்ல" என்பார். வேலையாட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஜென்மம், தண்டம், மூதேவி என்று மூன்று வார்த்தைகளைச் சுழற்சி முறையில் வைத்திருந்தார். இன்றைக்கு யாருக்கு எது என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அதில் அதிர்ஷ்டமே இல்லாதவன் அவருடைய மனைவியின் தம்பி. நாற்பதை எட்டப்போகிற ஆள். தொட்ட தொழிலெல்லாம் படுத்துக்கொண்டது. கடை வைத்தான், கடை இருந்த தெருவே மூடப்பட்டது. கோழி வளர்த்தான், கோழிகள் கூட்டாக வேலியேறிப் போய்விட்டன. கடைசியில் அக்கா தன் புருஷனிடம் கெஞ்சினாள்.

"என்னங்க, என் தம்பிக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்களேன்."

"இவனுக்குக் குடுக்கிற அளவுக்கு அந்த வேலை என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆனாலும் கொடுத்தார். கருணையால் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் திட்டுவதற்கு வீட்டு ஆள் ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வசதி. சாக்கு தைக்கிற கை மிஷினைக் கொடுத்து, தார்ப்பாய்களை இணைத்துத் தைக்கிற வேலையில் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு வேலை அவனுக்கு வந்தது. அவன் தைத்த தையலில் எறும்பு நுழைய வேண்டுமானால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வளாகம் அவனுக்குத் தையல் என்றே பெயர் வைத்தது.

அன்று மூன்றாம் மேட்டை மூடும் நாள். தார்ப்பாய் முழுக்கத் தைத்தாகிவிட்டது. ஒரு ஓரத்தில், ஆள் குனிந்து நுழையும் அகலத்துக்கு வாய் மட்டும் திறந்திருந்தது. அதையும் தைத்து மண் தள்ளினால் முடிந்தது.

தைப்பதற்கு முன் ஒரு முறை உண்டு. வெயில் வேளையில் தார்ப்பாய்க்கடியில் நுழைந்து நிழலில் படுத்துவிடும் மகான்கள் இந்தத் தொழிலில் ஏராளம். ஒரு தடவை அப்படி ஒருவரை உள்ளே வைத்தே தைத்துவிட்டார்கள்; அவர் விட்ட குறட்டையில் தார்ப்பாய் பலூன்போல உப்பியதைப் பார்த்துத்தான் பிரித்து எடுத்தார்களாம். அதிலிருந்து, கடைசி வாயில் தலையை விட்டு மூன்று தடவை கேட்பார்கள்: "உள்ள யாராவது இருக்கீங்களா? இருந்தா வெளிய வாங்க!" சத்தம் வராவிட்டால் தைக்கலாம்.

கேட்கிறவள் மண் தள்ளும் பெண்களில் ஒருத்தி. ஒலிபெருக்கி என்று பெயர். அவள் கத்தினால் பக்கத்து ஊரிலும் நாலு பேர் வீட்டைக் காலிசெய்துகொண்டு வெளியே வருவார்கள். வேலை செய்யச் சொன்னால் மட்டும் இடுப்பு வலிக்கும். முந்தின நாள் ஒரு மண்வெட்டிக்காக நடந்த சண்டையில் தொண்டையை முழுதாகச் செலவழித்துவிட்டு, அன்று காற்று மட்டும் ஊதிக்கொண்டு நின்றாள்.

"தைச்சுத் தொலைடா," என்றார் சீச்சி.

"கேக்காம எப்படி மாமா தைக்கிறது?"

"உள்ள என்ன உன் மாமனார் வீடா இருக்கு, குரல் குடுத்துட்டு நுழையறதுக்கு? தள்ளு!"

அவரே போனார். தொப்பியைக் கழற்றித் தையல் கையில் திணித்துவிட்டு, தார்ப்பாயின் வாயைப் பிடித்துத் தலையை உள்ளே விட்டார்.

இருட்டு. பகல் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே போகாமல் நின்றுகொண்டது. வெதுவெதுப்பான கோதுமை வாசனை. கொஞ்சம் தள்ளி, மருந்தின் பூண்டு வாடை. லாரிகளின் உறுமல், பெண்களின் சிரிப்பு, எல்லாம் கதவைச் சாத்தினதுபோல அறுந்தது.

வேறு யாராக இருந்தாலும் முறையாக மூன்று தடவை கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். சீச்சிக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. கூட்டம் என்றால் அவருக்கு நாக்கு அரிக்கும்.

"யாருடா உள்ள? இருந்தா அங்கயே கெட! தண்டமா கெடக்காத, வேலை செய். இந்த மேட்டுக்கு இனி நீதான் காவல். ஒரு பூச்சி உள்ள வரக் கூடாது. ஒரு மணி கோதுமை வெளிய போகக் கூடாது. உள்ள வந்தவன் எவனையும் விடாத. நான் சொல்ற வரைக்கும் இதுதான் உன் வேலை, புரிஞ்சுதா மூதேவி?"

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சொன்ன நகைச்சுவை. சிரிக்காமல் என்ன செய்வது?

அவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற தையல் மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்திருந்தது.

"ம்."

அவ்வளவுதான். முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்ட ஆள் தலையாட்டியபடி சொல்வானே, அந்த "ம்".

"மாமா, கேட்டுச்சா?" என்றான் தையல், குரலே இல்லாமல்.

"தானியம் சரியுது. உன் மூளை மாதிரி."

வேலையாட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து எண்ணிப் பார்த்தாயிற்று. ஒருவரும் குறையவில்லை. தையல் மிஷினை எடுத்தான். அவன் ஆயுளில் கோணலாகத் தைத்தது அந்த ஒரு தையல்தான். மேலே மண் விழுந்தது. மேடு மூடிக்கொண்டது.

*

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால், சீச்சியின் தலைக்கனம் எப்படி ஜீப்புக்குள் அடங்காமல் போனது என்பதும் புரிந்துவிடும்.

முதல் மேட்டில் வண்டு விழுந்தது. இரண்டாம் மேட்டில் மழை ஒழுகி, ஒரு மூலை முளைவிட்டுப் புளித்து நாறியது. மூன்றாம் மேட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. காக்கைகூட அதன்மேல் உட்காரவில்லை. பறந்து வருகிற காக்கை மேட்டின் ஓரம் வந்ததும் சட்டென்று வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. எலிகள் வந்தன. காலையில் பார்த்தால் இரும்புச் சுவருக்கு வெளியே செத்துக் கிடந்தன. இறைந்து கிடந்தால் பரவாயில்லை. வால்கள் ஒரே பக்கமாக, மூக்குகள் ஒரே பக்கமாக, அடுக்கிவைத்ததுபோல வரிசையாகக் கிடந்தன. வேலை நடந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிக்குக் காட்டுவதற்காக வைத்ததுபோல.

"மேற்பார்வை," என்றார் சீச்சி, மேலிடத்திலிருந்து வந்தவர்களிடம். "எல்லாம் மேற்பார்வைதான்." வந்தவர்கள் மேட்டைச் சுற்றி மூக்கைப் பொத்தியபடி ஒரு நடை நடந்து, அதிகாரியின் கையைக் குலுக்கி, பலகாரத் தட்டைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். அவர்களும் வண்டுகளும் ஒரே ஜாதி. தானியம் இருக்கிற இடம் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

ஒருநாள் காற்றில் பறந்து வந்த தகரம் ஒன்று மூன்றாம் மேட்டின் முதுகைக் கிழித்துவிட்டது. ஒரு கை நீளத்துக்குக் கிழிசல். கீழிருந்தே தெரிந்தது. ஒட்டுப்போடத் தையலை மேலே ஏற்றினார்கள்.

உச்சி வெயில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சோம்பேறிப் பேய்களுக்கு. வேலையில் சேர்ந்த பேய்க்கு ஏது நேரம் காலம்?

தார்ப்பாய் மேல் நடந்தால் கால் வைக்கிற இடத்தில் குழி விழும், எடுத்ததும் மெல்ல நிமிரும். தையலுக்குப் பழகிய விஷயம். மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். குழி, குழி, குழி. பாதி வழியில் வியர்வையைத் துடைக்க நின்றான்.

அவன் நின்ற பிறகும் நடைச் சத்தம் நிற்கவில்லை.

அவனுக்கு முன்னால், கொஞ்சம் தூரத்தில், தார்ப்பாய் அசைந்தது. அங்கே குழி விழவில்லை. மேடு எழும்பியது. பாதம் அளவுக்கு ஒரு புடைப்பு. அது அடங்க, அதற்கடுத்து இன்னொன்று. தார்ப்பாயின் அடிப்பக்கத்தில், தலைகீழாக, யாரோ நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

குதிகால் தெரிந்தது. ஐந்து விரல்களும் தெரிந்தன.

அது அவன் காலடிக்கு வந்து நின்றது. அவன் உள்ளங்காலை, தார்ப்பாய்க்கு அந்தப்பக்கமிருந்து, இன்னொரு உள்ளங்கால் தொட்டது.

சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வந்தவன் யாரென்று தெரிந்துகொண்டதுபோல, அது திரும்பி நடந்து போனது.

தையல் கத்தியிருக்கலாம். தவழ்ந்துபோய்க் கிழிசலைப் பார்த்தான். கிழிசல் இல்லை. நெருக்கமான, நேரான, அவனே பொறாமைப்படும் தையல். நூலின் முடிச்சைத் தேடினான். மேலிருந்து தைத்தால் முடிச்சு மேலே இருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தான்.

முடிச்சு அடிப்பக்கம் இருந்தது.

அவன் மேட்டிலிருந்து இறங்கவில்லை, உருண்டான். உருண்டு வந்து விழுந்தவனைக் காலால் நகர்த்திப் பார்த்தார் சீச்சி.

"உள்ள ஆள் இருக்கு மாமா. அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, நெஜமாவே காவல் காக்குது."

"அப்படியா? அப்ப அவன் உன்னைவிட நல்ல வேலைக்காரன்," என்றார் சீச்சி. கூட்டம் மறுபடி சிரித்தது. தொண்டை சரியாகிவிட்ட ஒலிபெருக்கி சிரித்ததில் அலுவலகக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது.

*

கோதுமையை எடுக்க லாரிகள் வந்த நாளில், வளாகத்தின் ஓரத்திலிருந்த வீட்டை விட்டுச் சீச்சி கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"மதியம் அவனையும் கூட்டிட்டு வாங்க. ரொம்ப நாளாச்சு அவன் இங்க சாப்பிட்டு. தயவு செஞ்சு எல்லாருக்கும் முன்னாடி அவனைத் திட்டாதீங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"உன் சமையலைச் சாப்பிடச் சொல்றதைவிடப் பெரிய திட்டு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் மேட்டின் வாயைப் பிரித்து, மருந்து வாடை போகும்வரை காற்றாட விட்டிருந்தார்கள். தானியத்தை உறிஞ்சி லாரியில் கொட்டுகிற நீளக் குழாயை உள்ளே செருகி மிஷினைப் போட்டார்கள். மிஷின் அலறியது. குழாய் குலுங்கியது.

ஒரு மணிகூட வரவில்லை.

வாய்க்கு உள்ளே கோதுமை சுவர்போல நின்றது. சரிய வேண்டாமா? தானியத்தின் குணமே சரிவதுதானே? கத்தியால் நறுக்கிய கேக்போல, செங்குத்தாக நின்றது. ஒலிபெருக்கி ஒரு கைப்பிடி அள்ளப் போனாள். விரல் உள்ளே போனது, மூடிய கை வெறுமையாக வெளியே வந்தது. இன்னொரு தடவை அள்ளினாள். வெறும் கை. மூன்றாம் தடவை அவள் முயலவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு வேலிப்பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"ஈரம் ஏறிக் கட்டிப் போச்சு," என்றார் சீச்சி. கோதுமை எலும்புபோல உலர்ந்திருந்தது. "டேய், உள்ள போய்க் கம்பியால குத்தி விடு."

"மாமா, வேண்டாம்."

"ஏன், பயமா? அக்கா முந்தானையைக் கொண்டுவரச் சொல்லவா?"

சிரிப்பு வந்தது. தையல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். கம்பியை எடுத்துக்கொண்டு கோதுமைச் சுவர்மேல் ஏறி, தார்ப்பாய்க்கும் தானியத்துக்கும் நடுவில் இருந்த இருட்டுக்குள் குனிந்து நடந்தான். வெளிச்சம் எட்டுகிற தூரத்தில்தான் நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பியை ஓங்கிக் குத்தினான்.

கம்பி உள்ளே போனது.

அவன் கையிலிருந்து யாரோ வாங்கிக்கொண்டதுபோல, மிச்சம் இல்லாமல் போனது.

பிறகு முழங்கால். பிறகு தொடை. மிஷினை நிறுத்தியும் அவன் இறங்குவது நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்து நாலைந்து பேர் இழுத்தார்கள். அடுத்துப் பத்துப் பேர். கயிறு வீணைத் தந்திபோல விறைத்து முறுக்கி முனகியது. ஆள் அசையவில்லை. அவனைச் சுற்றிக் கோதுமை ஓசையே இல்லாமல் ஏறியது. இடுப்பு. வயிறு.

"பலகை போடு! தண்டங்களா, பலகை!" என்று சீச்சி குதித்தார். பலகைகளைச் செருகினார்கள். பலகைகளையும் அது வாங்கிக்கொண்டது.

"மாமா!" தையலின் மூச்சு திணறியது. "நீங்கதான் சொன்னீங்க, உள்ள வந்தவன் எவனையும் விடாதன்னு. நீங்க சொன்னாத்தான் விடும். போதும்னு சொல்லுங்க மாமா!"

வளாகமே சீச்சியைப் பார்த்தது. லாரி ஓட்டிகள், மண் தள்ளுகிறவர்கள், வேலியோரத்துப் பெண்கள். இத்தனை பேர் பார்க்க, ஒரு கோதுமைக் குவியலிடம் அதிகாரி கெஞ்சுவதா? அவர் முகத்தில் அந்த நேரத்திலும் ஓடியது அதுதான். மச்சினன் நெஞ்சுவரை மூழ்கியிருந்தான், இவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

கோதுமை கழுத்துக்கு வந்தது.

"மாமா, அக்கா..."

அந்த வார்த்தைக்கு மேல் பேசவிடாமல் அவன் வாயை மணிகள் தொட்டன. சீச்சிக்குக் காலையில் வாசல்வரை வந்த முகம் நினைவுக்கு வந்தது. வெறும் கையோடு அந்த வாசலில் போய் நிற்கும் காட்சியும் வந்தது.

"போதும்," என்று முனகினார்.

ஒன்றும் ஆகவில்லை.

"சத்தமா சொல்லுங்கய்யா!" என்று ஒலிபெருக்கி வேலியோரத்திலிருந்து முழங்கினாள்.

"போதும்! அவனை விடு! உன் வேலை முடிஞ்சுது, வெளிய வா!"

"ம்."

இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

மேடு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. தார்ப்பாய் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழும்பி அடங்கியது. நின்றிருந்த கோதுமைச் சுவர் தண்ணீராகச் சரிந்தது. சரிவோடு சரிவாகத் தையல் உருண்டு வந்து வெளியே விழுந்து, இருமி, மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் கோதுமையைத் துப்பினான். உயிரோடு இருந்தான்.

அவனுக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது.

சரிந்த கோதுமையில் ஒரு பாதம் பதிந்தது. அடுத்து இன்னொன்று. கால் தெரியவில்லை, சுவடு மட்டும் விழுந்தது. சுவடுகள் குவியலிலிருந்து இறங்கின. உமித் தூசி படிந்த தரையில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செருப்புகள் மட்டும் அங்கே மிச்சம் இருந்தன. லாரி ஓட்டிகளில் ஒருவன் லாரியைவிட வேகமாக ஓடினான்.

சுவடுகள் சீச்சியின் எதிரே வந்து நின்றன. விரல்கள் அவரைப் பார்த்திருந்தன. முகத்தில் ஒரு மூச்சு பட்டது. மாதக்கணக்காக மூடிக்கிடந்த இருட்டின் மூச்சு.

அது காத்திருந்தது.

ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, நல்லா பார்த்துக்கிட்ட என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மச்சினன் பிழைத்துவிட்டான். ஆபத்து போய்விட்டது. ஆபத்து போன இடத்துக்கு, போன வேகத்திலேயே இளக்காரம் திரும்பி வந்துவிட்டது.

"இன்னும் என்ன முறைச்சுக்கிட்டு நிக்கிற? மாலை போட்டு மரியாதை பண்ணணுமா? சீச்சீ! வீட்டுக்குப் போ!"

சுவடுகள் திரும்பின.

அதற்கு ஏது வீடு என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே போதும். அவை வேலியைத் தாண்டவில்லை. அவசரமே இல்லாமல், வளாகத்தின் ஓரத்தை நோக்கி நடந்தன. அந்தப் பக்கம் இருந்தது ஒரே வீடுதான்.

"மாமா," என்றான் தையல், எழுந்து நின்று. "அது உங்க வீட்டுக்கு..."

இருவரும் ஓடினார்கள். தையல் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினான். வெறும் பாதங்களாக இருந்த சுவடுகளில் பாதி வழியில் விரல்கள் மங்கின. குதிகால் பட்டையாயிற்று. கொஞ்ச தூரத்தில் அவை செருப்புச் சுவடுகளாகிவிட்டன. இடது குதிகால் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. மாமாவின் காலில் அந்தத் தேய்மானத்தை அவன் தினமும் பார்ப்பவன்.

திரும்பி, ஓடி வந்த வழியைப் பார்த்தான். தூசியில் அந்தச் சுவடுகளுக்குப் பக்கத்தில் அவனுடைய காலடிகள் இருந்தன.

கூடவே ஓடி வந்த மாமாவின் காலடி ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்குப் போகும் பாதையில் காவல்காரன் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். சீச்சியைக் கண்டால் நாற்காலியோடு எழுந்து நிற்கிற ஆள்.

"என்ன தம்பி, தனியா ஓடி வர்ற?" என்றான் உட்கார்ந்தபடியே.

"தனியாவா? டேய் ஜென்மம், கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று சீச்சி கத்தினார். காவல்காரன் காதைக்கூட அசைக்கவில்லை.

"ஐயா இப்பத்தான் வீட்டுக்குப் போனாரு. என்னைப் பார்த்துச் சிரிச்சாருப்பா! சாப்பிட்டியான்னு கேட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

தையல் அவனைத் தாண்டி ஓடினான். வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினான். பக்கத்தில் சீச்சியும் தட்டினார். ஒரு கையின் சத்தம்தான் கேட்டது.

அக்கா திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத் தையல் திகைத்துவிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

"வாடா தம்பி! என்ன இது, உடம்பெல்லாம் உமி? உன் மாமா வந்துட்டாரு, கை கழுவிட்டு உக்காந்திருக்காரு." குரலைத் தாழ்த்திக் காதருகே வந்தாள். "என்னமோ தெரியலடா. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு சொன்னாரு. கேட்டியா? நல்லா இருக்குன்னு!"

"அடியே, நான் இங்க நிக்கிறேன்!" சீச்சி அவள் முகத்துக்கு நேரே கை வீசினார். அவள் கண் இமைக்கவில்லை. அவர் வழியாகப் பார்த்து, வெயில் அதிகமாக இருக்கிறதே என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

அவள் தோளுக்குப் பின்னால், நிழலான கூடத்தில், சாப்பாட்டு மேசை முன் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதே சட்டை. அதே வழுக்கை. கழுத்தின் மடிப்பில் மட்டும், தோல்மேல் தோல் சேரும் இடத்தில், நேரான நெருக்கமான தையல் ஒன்று ஓடியது.

"மாப்பிள்ளை, வாங்க," என்றார் அவர் திரும்பாமல். சீச்சியின் குரல்தான், ஆனால் துவைத்துக் காயப்போட்டதுபோல இருந்தது. "உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். சாப்பாடு ஆறுது."

வாங்க. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவனிடம் அந்தக் குரல் சொன்னதில்லை.

தையல் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு மட்டும் சீச்சி இன்னும் தெரிந்தார். மங்கலாக, கண்ணாடியில் படிந்த தூசிபோல. வாய் திறந்து மூடியது. உற்றுக் கேட்டால் குரலும் கேட்டது, எங்கோ மூடிய இடத்துக்குள்ளிருந்து வருவதுபோல.

அவன் உற்றுக் கேட்டான். ஒரு வார்த்தைக்காக. தம்பி என்று சொல்லியிருந்தாலும் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் போதும்.

"என்னடா மூதேவி பேந்தப் பேந்த முழிக்கிற? சொல்லித் தொலைடா உங்க அக்காகிட்ட! தண்டம்! சீச்சீ, உன்னையெல்லாம் அதுக்குள்ளயே விட்டிருக்கணும்!"

தையல் திரும்பினான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு, படியேறி உள்ளே போய், கதவில் கை வைத்தான்.

"இதோ வந்துட்டேன் மாமா," என்றான்.

உள்ளே பார்த்துத்தான் சொன்னான்.

தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மூன்று பேர் சிரித்தார்கள்.